ஏழாம் துண்டு தடுக்கவில்லை

போன நோன்புப் பெருநாள் முடிந்து நான்காம் நாள், சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு பெண் மருதமுனையில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். பெயர் நிலூபா. வயது நாற்பதுக்குக் கிட்ட இருக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மலேரியா பற்றி ஆய்வு செய்வதாகவும் விடுமுறையில் ஊருக்கு வந்திருப்பதாகவும் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். பால் சேர்க்காமல் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன். அவள் கோப்பையைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பழைய கட்டுரையின் பிரதியை எடுத்து மேசையில் விரித்து, அதில் இரண்டாவதாக இருந்த பெயரின் மேல் விரலை வைத்தாள்.

"இது நீங்கதானே மிஸ்?"

"ஓம். நான்தான்."

"ஏன் பொய் எழுதினீங்க?"

எழும்பிப் போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்தக் கட்டுரை பிழை என்று இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தவள் நான். அதற்காக வேலையில் ஓரம் கட்டப்பட்டவளும் நான். இப்போது பொய்க்காரி என்ற பட்டமும் தேடி என் வீட்டுக்கே வந்திருக்கிறது. ஆனால் அவள் கேட்டதில் பிழை இல்லை. பெயர் என்னுடையது. அந்தப் பெயருக்குச் சம்மதம் தந்து போட்ட கையெழுத்தும் என்னுடையது.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. இப்போது புதிய மருந்து தேடுகிறவர்கள் கணினியிடம் கேட்கிறார்கள். அது பழைய கட்டுரைகளையெல்லாம் விழுங்கிவிட்டு, மலேரியா ஒட்டுண்ணி இரத்தத்தின் செங்குழியத்துக்குள் நுழைவதைத் தடுக்கக்கூடிய பெப்டைட்கள், அதாவது சின்னப் புரதத் துண்டுகள், இவை என்று பட்டியல் போட்டுத் தருகிறது. நிலூபாவின் பட்டியலில் முதலிடத்தில் வந்தது எங்களுடைய ஏழாம் இலக்கத் துண்டும் அதன் தம்பி தங்கைகளும். அவளும் அவளுடைய மாணவியும் ஒன்றரை வருடம் அவற்றோடு மல்லுக்கட்டினார்கள். ஒன்றுமே தடுக்கவில்லை. மாணவி படிப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

"அந்தப் புள்ள அழுதுட்டுப் போனா மிஸ். தன்ட கையிலதான் பிழையெண்டு நினைச்சிட்டா," என்றாள் நிலூபா.

அன்று பின்னேரம் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கல்முனையில் படித்தேன். விஞ்ஞானப் பட்டம் எடுத்தேன். கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. முதல் சில வருடங்கள் கண்ணாடிக் குழாய் கழுவியும், கரைசல் கலக்கியும், இரத்தப் பூச்சுகளுக்குச் சாயம் போட்டும் கழிந்தன. பேராசிரியர் இராசநாயகம் தன்னுடைய மலேரியாப் பிரிவுக்கு என்னை எடுத்த பிறகுதான் வேலை என்றால் என்னவென்று கண்டேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியானவர். வெள்ளை மேலங்கியின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை செய்தவரின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, ஆரம்பத்திலிருந்து செய்து காட்டும்" என்பார். அதைவிட ஏச்சு வாங்கலாம் என்றிருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பரிசோதனைத் தட்டுகளில் எந்தக் குழியில் என்ன ஊற்றியிருக்கிறது என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. பெப்டைட்களை அவரே குழாய்களில் பிரித்து, பெயர்களின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, வெறும் எழுத்துகளை எழுதித் தருவார். எந்த எழுத்து எந்தப் பெப்டைட் என்ற விவரம் ஒரு கடித உறைக்குள் அவருடைய மேலங்கிப் பையில் இருக்கும். நான் எண்ணி, எழுதி, கையெழுத்து வைத்த பிறகுதான் உறை பிரிக்கப்படும்.

"உமக்கு எது வேணுமெண்டு உம்மட கண்ணுக்குத் தெரியப்படாது, ஹாஜரா," என்று முதல் நாளே சொன்னார். "தெரிஞ்சால் கண் அதைத்தான் காணும்."

இப்படிச் சொன்ன மனிதர் பிறகு செய்தது என்ன என்பதில்தான் என் கோபம். கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் நான் இவ்வளவு காலம் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன்.

செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேரியா ஒட்டுண்ணி ஒரு செங்குழியத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்து இன்னொன்றுக்குள் புகுகிறது. புகுவதற்கு ஒரு நிமிடம் போதும். முதலில் செங்குழியத்தின் மேல் ஒட்டும், பிறகு தன் கூரான பக்கத்தை அதை நோக்கித் திருப்பும், இறுக்கிப் பிடித்து உள்ளே போகும். வெளியில் அதிக நேரம் நிற்க நேர்ந்தால் அது செத்துவிடும். ஆகவே அந்தப் பிடியைத் தடுக்க வேண்டும். ஒட்டுண்ணி எந்தப் புரதத்தால் பிடிக்கிறதோ, அந்தப் புரதத்தின் ஒரு சின்னத் துண்டைப்போலவே நாங்கள் ஒன்றைச் செய்து முதலே செங்குழியங்களின் மேல் ஒட்டிவிட்டால், ஒட்டுண்ணிக்குப் பிடிக்க இடமிருக்காது. அந்தச் செயற்கைத் துண்டுதான் பெப்டைட்.

அப்போது எங்களிடம் இருந்த கணினி கடிதம் தட்டச்சுச் செய்யத்தான் உதவியது. பேராசிரியர் புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கட்டம் போட்ட தாளில் எழுதி வைத்து, எங்கே வளையும், எங்கே நீளும் என்று கம்பியில் பிளாஸ்டிக் குண்டுகளைக் கோத்துப் பார்ப்பார். இரண்டு மாதம் அப்படி இருந்து பதினொரு துண்டுகளைத் தெரிவு செய்தார். அவற்றை வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று செய்து, தூளாக்கி அனுப்பியது.

ஒட்டுண்ணிதான் எங்களுக்குக் குறையாக இருந்தது. நம் நாட்டு நோயாளியிடமிருந்து எடுத்த ஒட்டுண்ணியில்தான் பரிசோதிக்க வேண்டும் என்பதில் பேராசிரியர் பிடிவாதமாக இருந்தார். கிழக்கில் அந்த வருடம் மலேரியா கடுமை. என் ஊர் அந்தப் பக்கம் என்பதால் என்னை அனுப்பினார். பொத்துவில் ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிகளிடம் இரத்தம் எடுத்தேன். நான்காவது ஆள் உதுமாலெப்பை. மீன் பிடிக்கத் தோணியில் போகிற மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காய்ச்சல் அடித்துக் குளிரில் கட்டிலோடு சேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். மருந்து கொடுக்கும் முன் இரத்தம் எடுக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"எவ்வளவு எடுப்பீங்க?"

"ரெண்டு தேக்கரண்டி அளவுதான் காக்கா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

"எடுங்க, எடுங்க. காய்ச்சல் புடிச்ச ரத்தம்தானே, எனக்கு என்னத்துக்கு?" குளிரில் பல்லடித்தபடியே சிரித்தார். ஊசி குத்தும்போது மறுபக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். "இதால மருந்து கண்டுபுடிப்பீங்களா தங்கச்சி?"

"கண்டுபுடிக்கலாம்," என்றேன்.

ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொல்லக்கூடாத வார்த்தை அது. 'பார்ப்போம்' என்று சொல்லியிருக்க வேண்டும். அவருடைய கண்ணைப் பார்த்து 'கண்டுபிடிக்கலாம்' என்று சொன்னேன்.

இரத்தக் குழாய்களை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, மொனராகலை வழியாகக் கொழும்பு போகும் பஸ்ஸில் ஏறினேன். போர்க்காலம். சோதனைச் சாவடி ஒன்றில் எல்லாரையும் இறக்கினார்கள். இளம் வயதுச் சிப்பாய் ஒருவன் பிளாஸ்க்கைத் திறந்து, சிவப்பாக நாலு குழாய்களைக் கண்டதும் பின்வாங்கினான். ஆய்வுகூடக் கடிதத்தைக் காட்டி, மலேரியா இரத்தம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் கடிதத்தை வாசிக்கவே இல்லை. தனக்கு இரண்டு தரம் வந்துவிட்டது என்று விரலால் காட்டினான். பிறகு மூடியைத் தானே பக்குவமாக இறுக்கித் தந்து, எங்கள் பஸ்ஸை முதலாவதாகப் போகவிட்டான். அந்தப் பயணத்தில் யாரிடமெல்லாம் நம்பிக்கையை வாங்கிக்கொண்டு போனேன் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

முதல் மூன்று பேருடைய ஒட்டுண்ணியும் ஆய்வுகூடத்தில் செத்துப்போனது. உதுமாலெப்பையுடையது பிழைத்தது. அதற்கு 'பொத்துவில் நான்கு' என்று பெயர் வைத்தோம். தடித்த கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளை அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மூடிவிடுவோம். சுடர் தானாக அணையும்போது உள்ளே ஒட்டுண்ணிக்குப் பிடித்த அளவுக்கு ஒட்சிசன் குறைந்திருக்கும். ஜாடியை உடம்புச் சூட்டில் வைத்து, தினமும் போஷணைக் கரைசலை மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை, பௌர்ணமிப் போயா, பெருநாள் என்று அதற்கு விடுமுறை இல்லை. வளர்வதற்குப் புதிய செங்குழியம் வேண்டும். என்னுடைய இரத்தம் O பிரிவு என்பதால் நானே கொடுத்தேன். பொத்துவில் மனிதரின் ஒட்டுண்ணி மருதமுனைக்காரியின் இரத்தத்தைத் தின்று வளர்ந்தது.

பதினொரு துண்டுகளையும் சோதித்தோம். முற்றிய ஒட்டுண்ணிகளைப் புதிய செங்குழியங்களோடும் பெப்டைட்டோடும் சேர்த்து விட்டு, அடுத்த நாள் கண்ணாடியில் பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் எண்ணுவேன். புதிதாகப் புகுந்த ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் கல் வைத்த மோதிரம்போல் தெரியும். ஒரு பூச்சுக்கு இரண்டாயிரம் செங்குழியம். எண்ணி முடிக்கும்போது கழுத்து மரத்துப்போகும்.

ஒரு தட்டில் D என்று எழுதியிருந்த குழியில் மோதிரங்கள் மிகக் குறைவு. திரும்பச் செய்தேன், திரும்பவும் குறைவு. உறையைப் பிரித்தபோது D என்பது ஏழாம் துண்டு. பேராசிரியர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அவர் பொத்தான் கழற்றி நான் கண்டது அன்று மட்டும்தான்.

கட்டுரை எழுதப்பட்டது. ஆசிரியர்களில் இரண்டாவது பெயர் என்னுடையது. பட்டம் மட்டும் வைத்திருந்த ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அது பெரிய மரியாதை. சம்மதப் படிவத்தில் மகிழ்ச்சியாகக் கையெழுத்து வைத்தேன். சஞ்சிகை கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ஒரு பத்திரிகை நிருபர் பேராசிரியரிடம் பேட்டி எடுத்தார். பிறகு பொத்துவிலுக்கே போய், உதுமாலெப்பையைத் தோணிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்து, அவருடைய இரத்தத்திலிருந்து மலேரியாவுக்கு மருந்து என்று பாதிப் பக்கத்தில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பொதி வந்தது.

ஒரு பெப்டைட் தடுக்கிறது என்று சொல்வதற்கு முன் செய்தே ஆகவேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதே அமினோ அமிலங்களை வரிசை மாற்றிக் கலைத்து இன்னொரு துண்டு செய்ய வேண்டும். உண்மையான வரிசை தடுத்து, கலைத்த வரிசை தடுக்காவிட்டால்தான் அந்த வரிசைக்கு மதிப்பு. எங்களுடைய கலைத்த துண்டு வந்து சேரத் தாமதமானது. பேராசிரியர் காத்திருக்கவில்லை. வேறொரு சம்பந்தமில்லாத பெப்டைட்டை ஒப்பீட்டுக்கு வைத்துக் கட்டுரையை அனுப்பிவிட்டார். எனக்கும் அது தெரியும். நானும் பேசாமல் இருந்தேன்.

பொதி வந்ததும் வழமைபோல் ஒட்டுத்தாள், எழுத்துகள், உறை. எண்ணினேன். இரண்டு குழிகளில் மோதிரங்கள் குறைவாக இருந்தன. உறையில் ஒன்று ஏழாம் துண்டு. மற்றது கலைத்த துண்டு.

மூன்று தரம் செய்தேன். ஒரே முடிவு. அப்போதுதான் குழிகளின் நிறத்தைக் கவனித்தேன். போஷணைக் கரைசலில் ஒரு சாயம் இருக்கும். அமிலம் கூடினால் சிவப்பு மஞ்சளாகும். அந்த இரண்டு குழிகளும் எலுமிச்சைப் பழத் தோல்போல் மஞ்சளித்திருந்தன. பெப்டைட் செய்யும்போது ஓர் அமிலத்தால் சுத்தப்படுத்துவார்கள். அந்த அமிலம் சரியாக நீக்கப்படாமல் தூளோடு சேர்ந்து வந்திருந்தது. ஒட்டுண்ணியைக் கொன்றது பெப்டைட் இல்லை, புளிப்பு. இரண்டு தூளையும் கரைத்து, அமிலத்தை நீக்கி, உலர்த்தி மறுபடி சோதித்தேன். ஏழாம் துண்டு தடுக்கவில்லை. கலைத்ததும் தடுக்கவில்லை. எல்லாக் குழிகளிலும் மோதிரங்கள் நிறைந்திருந்தன.

பூச்சுகளைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் நான் எழுதிய எண்களைப் பார்க்க மறுத்து, தானே உட்கார்ந்து காலை முழுதும் எண்ணினார். மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. முடித்துவிட்டு அவருடைய எண்களை என்னுடைய எண்களுக்குப் பக்கத்தில் வைத்தார். கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"அமிலம்," என்றார்.

"ஓம் சேர்."

"ஓமோம், அமிலம்தான்." இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். "பேப்பர் அச்சுக்குப் போயிட்டுது, ஹாஜரா."

"இன்னும் வரல்ல சேர். இண்டைக்கு ஒரு கடிதம் அனுப்பினா நிப்பாட்டலாம்."

"நிப்பாட்டலாம். அதோட இந்தப் பிரிவும் நிக்கும். ஆறு பேர் வேலை செய்யினம். இதை மூடினால் இந்த நாட்டிலை வேறை ஆர் இதைச் செய்யப்போகினம்? அடுத்த துண்டு சரிவரும். அப்ப இதைத் திருத்தி எழுதுவம்."

"அதுவரைக்கும்?"

அவர் உறையைக் கையில் எடுத்தார்.

"அப்ப என்ட பெயர எடுத்துடுங்க சேர்."

"உம்மட பெயரை எடுத்தால் ஏனெண்டு கேப்பினம்," என்றார். குரல் உயரவில்லை. உறையை நாலாக மடித்து, மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

இன்று நினைத்தாலும் இரத்தம் கொதிக்கிறது. அவருக்குத் தெரியாமல் நடந்ததென்றால் மன்னித்திருப்பேன். தன் கண்ணால் எண்ணிப் பார்த்த பிறகு மறைத்தார். கண்ணை நம்பாதே என்று எனக்குச் சொன்னவர், கண்டதைக் காணவில்லை என்று நடிக்கச் சொன்னார். நானும் வாய் பொத்தி இருந்தேனே! கட்டுரை அச்சாகி வந்தது. மூன்று மாதம் நான் ஒரு சொல் கதைக்கவில்லை. ஆய்வுகூடத்தின் பொது ஏடு எப்போதாவது காணாமல் போகும் என்ற பயத்தில், எண்களை மட்டும் ஒரு கொப்பியில் பிரதி எடுத்து வைத்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தேன். இரண்டாம் நாள் வாசலில் ஒருவர் கருவாட்டுப் பொதியோடு வந்து நின்றார். உதுமாலெப்பை. அக்கரைப்பற்றில் பஸ் மாறி, மருதமுனையில் விசாரித்து விசாரித்து வந்திருந்தார். அவருடைய மகளுக்கு அந்த வருடம் இரண்டாவது தரமாகக் காய்ச்சல்.

"தங்கச்சி, அந்த மருந்து எப்ப எங்கட ஆஸ்பத்திரிக்கு வரும்?"

"வேலை நடக்குது காக்கா," என்றேன்.

"நடக்கட்டும், நடக்கட்டும். நான் அவசரப்படுத்த வரல்ல." சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினார். "இன்னம் ரத்தம் தேவைப்பட்டா ஒரு சொல் சொல்லியனுப்புங்க. நான் கொழும்புக்கே வந்து தாறன்."

மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே கொடுக்கிற குளிசையை முடியும்வரை கொடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினேன். கொழும்புக்குத் திரும்பியதும் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினேன். கலைத்த துண்டு, அமிலம், எண்கள், எல்லாவற்றையும் எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே 'இரண்டாவது ஆசிரியர்' என்றும் எழுதினேன்.

சஞ்சிகை என்ன செய்தது தெரியுமா? என் கடிதத்தை விளக்கம் கேட்டுப் பேராசிரியருக்கே அனுப்பியது. அவர், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரின் தவறான புரிதல் என்று பதில் எழுதினார். சஞ்சிகை அதை ஏற்றுக்கொண்டு எனக்கு இரண்டு வரி அனுப்பியது. கட்டுரையில் பெயர் போடும்போது நான் ஆசிரியர். பிழை என்று சொல்லும்போது புரியாத உத்தியோகத்தர். அடுத்த மாதம் முதலாம் வருட மாணவர்களின் பயிற்சிக்கூடத்துக்கு என்னை மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே தராசுகளுக்கும் குழாய்த் தாங்கிகளுக்கும் பொறுப்பாக இருந்தேன். பார்க்க ஆளில்லாமல் 'பொத்துவில் நான்கு' ஒரு நீண்ட விடுமுறையில் செத்துப்போனது.

அடுத்த துண்டு ஒன்றும் சரிவரவில்லை. திருத்தமும் எழுதப்படவில்லை. காலப்போக்கில் நாட்டில் மலேரியாவே இல்லாமல் போனது. அதை ஒழித்தது யார்? வெயிலில் வீடு வீடாகப் போய் விரலில் குத்தி இரத்தம் எடுத்தவர்கள், மருந்து அடித்தவர்கள், குளிசையை விழுங்குகிறானா என்று பக்கத்தில் நின்று பார்த்தவர்கள். பேராசிரியர் காலமானபோது நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர் எழுந்து, மலேரியா ஒழிப்புக்கு அடிகோலிய கண்டுபிடிப்பு என்று ஏழாம் துண்டைப் புகழ்ந்தார். நான் பின்வரிசையில் இருந்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். சாவு நடந்த மையத்து வீட்டில் சண்டை போடக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். ஆனால் அன்று சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கொப்பியை நிலூபாவிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தன்னுடைய கணினியைத் திறந்து தன் எண்களைப் பக்கத்தில் வைத்தாள். அமிலம் நீக்கிய பிறகு நான் எண்ணியதும், இருபத்தைந்து வருடம் கழித்து வேறொரு நாட்டில் அவளுடைய மாணவி எண்ணியதும் ஒன்றையே சொல்லின.

"அந்தப் புள்ளட கையில பிழை இல்ல," என்றாள் மெதுவாக. ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு நிமிர்ந்து, "மிஸ், நீங்க ஒரு கடிதம் எழுதினீங்க. அது போய்ச் சேரல்லயெண்டு தெரிஞ்ச பிறகு ரெண்டாவது ஏன் எழுதல்ல?" என்று கேட்டாள்.

"பயம்," என்றேன். "பிறகு சலிப்பு. பிறகு வெக்கம்."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. அதனால்தான் அவளை எனக்குப் பிடித்தது. அந்த மேசையிலேயே இருவரும் உட்கார்ந்து கடிதத்தை எழுதினோம். அவள் தன் எண்களைச் சேர்த்தாள், நான் என்னுடையதைச் சேர்த்தேன். இந்தமுறை சஞ்சிகைக்கு மட்டுமில்லை, கணினிப் பட்டியல் தயாரிக்கிறவர்களுக்கும், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிய ஒவ்வொருவருக்கும் பிரதி அனுப்பினோம். அவளுடைய மாணவிக்கும் ஒன்று போனது.

அனுப்பிய பிறகும் ஒரு ஆள் மிச்சம் இருந்தார். அடுத்த வியாழக்கிழமை காலை நிலூபாவின் வாகனத்தில் இருவரும் பொத்துவிலுக்குப் போனோம்.

உதுமாலெப்பைக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், ஆள் திடம். அன்று காய்ச்சலில் கிடந்த மகள்தான் கதவைத் திறந்தாள். அவளுக்கே இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்தப் பத்திரிகைத் துண்டு தொங்கியது. தோணிக்குப் பக்கத்தில் நிற்கும் உதுமாலெப்பை. தாள் பழுப்பாகிவிட்டது.

"எனக்கு வாசிக்கத் தெரியா," என்றார் அவர், நான் பார்ப்பதைக் கண்டு. "ஆனா அதுல இரிக்கிறத ஒரு வரி விடாமச் சொல்லுவன்."

நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். மருந்து இல்லை என்று சொன்னேன். அவருடைய இரத்தத்தில் குறை இல்லை, அதில் இருந்த ஒட்டுண்ணி நன்றாகவே வளர்ந்தது, நாங்கள் செய்த துண்டுதான் ஒன்றுக்கும் உதவவில்லை என்று சொன்னேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டார்.

"உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

"பேப்பர்ல உங்கட படம் வந்து கொஞ்ச நாளைக்குப் பிறகு."

"அப்ப நான் கருவாடு கொண்டுவந்த நேரம்?"

"தெரியும் காக்கா."

"தெரிஞ்சிதான் வேலை நடக்குதெண்டு சொன்னீங்க?"

"ஓம்."

மகள் இடையில் வந்து, "விடுங்க வாப்பா, பழைய கதைதானே," என்றாள்.

"பழைய கதையா?" அவர் குரல் உயர்ந்தது. "எத்தின கலியாண வீட்டுல சொல்லிரிப்பன்? பள்ளிவாசல்ல எத்தின பேருக்குச் சொல்லிரிப்பன்? பொத்துவிலான்ட ரத்தத்தால உலகத்துக்கு மருந்தெண்டு! நான் ஒருநாளும் பொய் சொல்லித் திரிஞ்சவனில்ல. என்னப் பொய்க்காரனாக்கிட்டீங்களே!"

அந்த வார்த்தையின் சூடு எனக்குத் தெரியும். போன வாரம் என் வீட்டு மேசையில் வைத்து எனக்கும் அதே வார்த்தைதான் விழுந்தது. எனக்காவது அதில் ஒரு பங்கு இருந்தது. இந்த மனிதருக்கு என்ன பங்கு?

நிலூபா எழுந்து சட்டத்துக்குக் கிட்டப் போனாள். "கழட்டிடவா?" என்று கேட்டாள்.

"கைய வைக்காதீங்க," என்றார் அவர்.

எழுந்து போய்ச் சட்டத்தின் கண்ணாடியைக் கையால் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப பிழையெண்டு ஒரு கடிதம் எழுதினதாச் சொன்னீங்களே. அதுவும் அச்சாகி வருமா?"

"வரவைப்பம் காக்கா."

"வந்தாக் கொண்டு வாங்க. இதப் போலயே கண்ணாடி போட்டுக் கொண்டு வாங்க. பக்கத்துல மாட்டுவம். வாற ஆக்கள் ரெண்டையும் வாசிக்கட்டும்."

தேநீர் குடிக்காமல் எங்களைப் போகவிடவில்லை. ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பவும் இல்லை.

சஞ்சிகையிலிருந்து பரிசீலிப்பதாக ஒரு பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் ஒரு நினைவூட்டல் அனுப்புகிறேன். நேற்று பொத்துவிலிலிருந்து மகள் தொலைபேசி எடுத்தாள். வாப்பா சுவரில் இரண்டாவது ஆணியை அடித்துவிட்டாராம்.